வடகோடு உயர்வதும் தென்கோடு உயர்வதும்: கீழ்பென்னாத்தூர் வானில் பிறையின் சாய்வு

பிறைநிலவின் இரு முனைகளையும் கோடு என்றும் கொம்பு என்றும் தமிழர் நெடுங்காலமாக அழைத்து வந்துள்ளனர். மாலையில் மேற்கு நோக்கி நிற்பவருக்கு வலக்கைப் பக்கம் அமையும் முனை வடகோடு. இடக்கைப் பக்கம் அமைவது தென்கோடு. திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி செல்லும் சாலையில் உள்ள கீழ்பென்னாத்தூரில், அமாவாசை கழிந்த மூன்றாம் நாள் மாலைகளில் ஓராண்டு முழுவதும் மேற்கு வானைக் கவனித்து வருபவர் எவருக்கும், இவ்விரு கோடுகளும் எல்லா மாதங்களிலும் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை என்பது புலப்படும். மாசி, பங்குனி மாதங்களில் பிறை மல்லாந்து கிடப்பதுபோல் தோன்ற, அதன் இரு கோடுகளும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் வானை நோக்கி நிற்கின்றன. புரட்டாசியிலோ வடகோடு நன்றாக மேலெழுந்து, தென்கோடு தாழ்ந்து, பிறை ஒருக்களித்துத் தெரிகிறது. சிவபெருமான் சடையில் சூடிய பிறையை நினைந்து மூன்றாம் பிறையைத் தொழுவோரும், ரமலான் பிறையைத் தேடி அதே மேற்கு வானை நோக்குவோரும் இந்த மாற்றத்தைக் கண்டிருப்பர். ஆயினும் அதன் காரணம் பள்ளிப் பாடங்களில் பெரும்பாலும் விளக்கப்படுவதில்லை.

காரணத்தை அறிய முதலில் விலக்க வேண்டியது பரவலான ஒரு தவறான எண்ணத்தை. நிலவின் மீது பூமியின் நிழல் விழுவதால் பிறை உண்டாவதாகப் பலர் கருதுகின்றனர். பூமியின் நிழல் நிலவின்மேல் விழுவது சந்திர கிரகணத்தின்போது மட்டுமே. அதுவும் பௌர்ணமி நாளில்தான் நிகழக்கூடியது. மற்ற நாள்களில் நிலவின் பாதிக் கோளம் சூரிய ஒளியால் வெளிச்சமாகவும் மறுபாதி இருளாகவும் இருக்க, வெளிச்சமான பாதியில் எவ்வளவு பகுதி பூமியை நோக்கித் திரும்பியிருக்கிறது என்பதைப் பொறுத்தே பிறையும் அரைவட்டமும் முழுமதியும் அமைகின்றன. நிலவு தானாக ஒளிர்வதில்லை, சூரியனின் ஒளியையே பெறுகிறது என்பதை ஆரியபடர் கி.பி. 499ஆம் ஆண்டைச் சார்ந்த தம் ஆரியபடீயத்தில் தெளிவாகவே கூறியுள்ளார்.

இதிலிருந்து பிறையின் சாய்வுக்கான ஒரே விதி பிறக்கிறது. பிறையின் வளைந்த ஒளிமுதுகு எப்போதும் சூரியன் இருக்கும் திசையையே நோக்கும். இரு கோடுகளும் சூரியனுக்கு எதிர்த்திசையில் நீளும். அவ்விரு கோடுகளின் நுனிகளை இணைக்கும் நேர்க்கோடு, நிலவையும் சூரியனையும் இணைக்கும் கோட்டுக்குச் செங்குத்தாக அமையும். சூரியன் அடிவானத்துக்குக் கீழே மறைந்துவிட்ட பிறகும் இவ்விதி மாறுவதில்லை. ஆகவே மறைந்த சூரியனுக்கு நேர் மேலே நிலவு நின்றால் பிறை மல்லாந்து கிடக்கும். நிலவு சூரியனுக்கு மேலே இடப்புறமாக, அதாவது தெற்கே தள்ளி நின்றால், ஒளிமுதுகு கீழே வலப்புறம் திரும்ப வடகோடு உயரும். வலப்புறமாகத் தள்ளி நின்றால் தென்கோடு உயரும். பிறை ஏன் சாய்கிறது என்ற வினா இவ்வாறு, சூரியன் மறைந்த இடத்திலிருந்து பார்க்கையில் நிலவு எந்தப் பக்கம் நிற்கிறது என்ற வினாவாகச் சுருங்கிவிடுகிறது.

அந்தப் பக்கத்தை முடிவு செய்பவை இரண்டு: பார்ப்பவர் நிற்கும் ஊர், ஆண்டின் பருவம். பூமியின் நடுக்கோட்டிலிருந்து ஓர் ஊர் வடக்கிலோ தெற்கிலோ எத்தனை பாகை தள்ளியிருக்கிறது என்பதைக் குறிக்கும் அளவு அட்சரேகை எனப்படும். நடுக்கோட்டின் மேல் உள்ள ஊர்களில் சூரியன் அடிவானத்தில் செங்குத்தாக இறங்கி மறைகிறது. கீழ்பென்னாத்தூர் வடக்கே சுமார் 12 பாகையில் இருப்பதால், இங்கு சூரியன் செங்குத்திலிருந்து ஏறக்குறைய 12 பாகை சரிந்து, இறங்க இறங்க வடக்கே, அதாவது வலப்பக்கம் ஒதுங்கி மறைகிறது. விண்மீன்களும் இதே சரிவில்தான் இறங்குகின்றன. இதன் விளைவாக, கீழ்பென்னாத்தூரின் மேற்கு வானம் முழுவதுமே, நடுக்கோட்டு ஊரின் வானத்தோடு ஒப்பிட, தெற்கு நோக்கி 12 பாகை சாய்ந்து நிற்கிறது எனலாம்.

இந்த நிலையான சாய்வின் மேல் பருவந்தோறும் மாறும் மற்றொரு சாய்வு ஏறுகிறது. ஓராண்டில் சூரியன் விண்மீன்களின் ஊடே மேடம் முதல் மீனம் வரையிலான பன்னிரு இராசிகளையும் சுற்றி வருவதுபோல் தோன்றும் பாதை சூரியவீதி எனப்படும். பூமியின் அச்சு சுமார் 23.4 பாகை சாய்ந்திருப்பதால், சூரியவீதியும் வானநடுக்கோட்டுக்கு, அதாவது பூமியின் நடுக்கோட்டை வானில் நீட்டி வரைந்தால் கிடைக்கும் வட்டத்துக்கு, அதே 23.4 பாகை சாய்வாக அமைந்துள்ளது. நிலவும் ஏறத்தாழ இதே சூரியவீதியை ஒட்டியே நகர்வதால், அமாவாசைக்கு இரண்டு மூன்று நாள்களுக்குப் பின் நிலவு சூரியனுக்கு எந்தப் பக்கம் இருக்கும் என்பதை, சூரியன் மறையும் நேரத்தில் சூரியவீதி அடிவானத்திலிருந்து எந்தச் சாய்வில் மேலெழுகிறது என்பதே தீர்மானிக்கிறது.

மார்ச்சு மாத இறுதியில், பங்குனி மாலைகளில், மறையும் சூரியனிலிருந்து மேலெழும் சூரியவீதி வானநடுக்கோட்டுக்கு வடக்கே 23.4 பாகை விலகிச் செல்கிறது. ஊரின் அட்சரேகை தெற்கே 12 பாகை இழுக்க, பருவம் வடக்கே 23.4 பாகை இழுப்பதால், எஞ்சுவது வடக்கு நோக்கி ஏறக்குறைய 11 பாகைச் சாய்வு மட்டுமே. எனவே பிறை கிட்டத்தட்ட மல்லாந்து, தென்கோடு சற்றே உயர்ந்து காணப்படும். செப்டம்பர் இறுதியில் நிலைமை தலைகீழ். சூரியவீதி தெற்கே 23.4 பாகை விலக, ஊரின் 12 பாகையும் அதே திசையில் சேர்ந்துகொள்ள, மொத்தச் சாய்வு 35 பாகைக்கும் மேலாகிறது. புரட்டாசிப் பிறை அவ்வளவு ஒருக்களித்துத் தோன்றுவது இதனால்தான். சனவரி மூன்றாம் வாரத்தையும் மே மூன்றாம் வாரத்தையும் ஒட்டி, அதாவது தை மாத முற்பகுதியிலும் வைகாசித் தொடக்கத்திலும், இரு இழுப்புகளும் ஒன்றையொன்று ஈடுசெய்து, சூரியவீதி கீழ்பென்னாத்தூரின் மேற்கு அடிவானத்தில் செங்குத்தாக நிற்கிறது. ஆனியிலும் மார்கழியிலும் வடகோடு ஏறக்குறைய 13 பாகை அளவுக்கு உயர்ந்திருக்கும்.

விடியற்காலைத் தேய்பிறைக்கு இந்தக் கணக்கு அப்படியே புரளும். கிழக்கு வானில் சூரியனுக்கு முன்னே எழும் தேய்பிறை, புரட்டாசியில் மல்லாந்தும் பங்குனியில் மிகுதியாக ஒருக்களித்தும் தெரியும். ஒரே மாதத்தில் மாலைப் பிறையையும் விடியற்காலைப் பிறையையும் பார்ப்பவர், முன்னது ஒரு விதமாகவும் பின்னது வேறு விதமாகவும் கிடப்பதைக் கண்டு நிலவே புரண்டுவிட்டதாக எண்ணக்கூடும். புரண்டது அடிவானத்துக்கும் சூரியவீதிக்கும் இடையிலான கோணமே.

நிலவின் பாதை சூரியவீதியோடு முற்றிலும் ஒன்றியிருந்தால் விளக்கம் இத்துடன் முடிந்திருக்கும். ஒவ்வோர் ஆண்டின் பங்குனிப் பிறையும் முந்தைய ஆண்டின் பங்குனிப் பிறையைப் போலவே கிடந்திருக்கும். ஆனால் நிலவின் பாதை சூரியவீதிக்கு 5 பாகைக்குச் சற்று மிகுதியாகச் சாய்ந்துள்ளது. இரு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் இரு புள்ளிகளே கணுக்கள். பஞ்சாங்கம் ராகு, கேது என்று குறிப்பவை இந்தக் கணுக்களையே. அவை ஓரிடத்தில் நிற்காமல் இராசிகளின் வழியே பின்னோக்கி நகர்ந்து, 18.6 ஆண்டுகளில் ஒரு சுற்றை முடிக்கின்றன. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை நிகழும் ராகு கேது பெயர்ச்சி, ஒரு கணு ஓர் இராசியிலிருந்து பின்னுள்ள இராசிக்குச் செல்வதன்றி வேறில்லை. பெயர்ச்சி நாளில் கோயில்களில் கூடும் மக்களில் பெரும்பாலோர், ராகுவின் இருப்பிடம் பிறையின் தோற்றத்தையே மாற்றுகிறது என்பதை அறிந்திருக்க வாய்ப்பில்லை. அறியத்தக்க செய்தி அது.

ஐந்து பாகை சிறிய அளவாகத் தோன்றலாம். ஆயினும் மூன்றாம் பிறை நாளில் நிலவு சூரியனிலிருந்து விலகியிருப்பதே ஏறக்குறைய 20 முதல் 25 பாகைதான் என்பதால், அந்தச் சிறு தொலைவுக்குள் ஐந்து பாகை பக்கவாட்டில் ஒதுங்குவது பிறையை மேலும் 12 பாகை அளவுக்குத் திருப்பிவிடுகிறது. பிறை எவ்வளவு இளையதோ, அவ்வளவுக்கு இந்தத் திருப்பம் மிகுதி. 2020ஆம் ஆண்டில் பங்குனியில் நிலவு சூரியவீதிக்குத் தெற்கே ஒதுங்கியிருந்தமையால், வடக்கு நோக்கிய 11 பாகைச் சாய்வு ஏறக்குறைய அழிந்து, பிறை இரு கோடுகளும் சமமாக மல்லாந்து கிடந்தது; அவ்வாண்டுப் புரட்டாசியிலும் வடகோட்டின் உயர்வு வழக்கத்தைவிடக் குறைவாக இருந்தது. 2029ஆம் ஆண்டில் கணுக்கள் எதிர்நிலைக்கு வந்துவிடும். அப்போது பங்குனிப் பிறையில் தென்கோடு 20 பாகைக்கும் மேலாக உயர்ந்து தெளிவாகத் தெரியும். புரட்டாசிப் பிறையில் வடகோடு 45 பாகையளவு உயர்ந்து, பிறை ஏறக்குறைய பாதி நிமிர்ந்து நிற்கும். ஓர் ஊரில், ஒரு மாதத்தில், ஒன்பதாண்டு இடைவெளியில் இத்தனை வேறுபாடு.

இதனை முன்கூட்டியே கணக்கிடும் வழி இந்நாட்டின் பழைய வானியல் நூல்களுக்குத் தெரிந்திருந்தது. பிறைக்கோடுகளின் உயர்ச்சியைக் கணிப்பது சிருங்கோன்னதி எனப்பட்டது. சூரிய சித்தாந்தத்தின் பத்தாம் அதிகாரம் இதை விளக்குகிறது. கேரளத்து வானியலறிஞர் நீலகண்ட சோமயாஜி 1500ஆம் ஆண்டையொட்டி இயற்றிய தந்திரசங்கிரகத்தின் எட்டாம், இறுதி அதிகாரமும் இதையே பேசுகிறது. நிலவும் சூரியனும் அடிவானத்தில் எவ்வளவு வடக்கிலோ தெற்கிலோ விலகியுள்ளன, நிலவு எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பவற்றை அளந்து, முக்கோணக் கணக்கின் வழி எந்தக் கோடு எவ்வளவு உயரும் என்று காணும் இம்முறை, மேலே கூறிய விதியையே வேறு சொற்களில் கையாள்கிறது.

கணக்கு இவ்வாறு வளர்ந்த அதே காலத்தில் நிமித்தமும் உடன் வளர்ந்தது. ஆறாம் நூற்றாண்டினரான வராகமிகிரர் தம் பிருகத் சம்ஹிதையின் நான்காம் அதிகாரத்தில் பிறையின் வடிவங்களுக்கு ஓடம், கலப்பை முதலிய பெயர்களைச் சூட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பலன் கூறுகிறார். கோடு சற்றே உயர்ந்து பிறை அகன்று கிடக்கும் ஓட வடிவத்தில் மாலுமிகளுக்கு இடரும் ஏனையோருக்கு நன்மையும் விளையும். பாதியளவு உயர்ந்த கலப்பை வடிவத்தில் உழவைச் சார்ந்து வாழ்வோர்க்குத் துன்பமும் நாட்டுக்குச் செழிப்பும் உண்டாகும். தென்கோடு பாதியளவு உயர்ந்தால் அது கெட்ட கலப்பை, பாண்டிய மன்னனுக்கு முடிவு என்கிறார். கணிதம் கைவந்த ஒருவர், கணித்தே சொல்லக்கூடிய ஒரு தோற்றத்தின்மேல் பாண்டியனின் உயிரை ஏற்றி வைத்தது வருத்தத்துக்குரியது. தென்கோடு உயர்வதைத் தென்னாட்டு வேந்தனோடு இணைத்தமைக்குத் திசையொற்றுமை தவிர வேறு அடிப்படை தெரியவில்லை.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் நிலவும் நம்பிக்கையும் இதற்கு நெருங்கியதே: வடகோடு உயர்ந்தால் விளைச்சல், தென்கோடு உயர்ந்தால் பஞ்சம். இந்நம்பிக்கையை வெறும் பிழை என்று ஒதுக்கிவிடுவதைவிட, அது எப்படித் தோன்றியிருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்ப்பது பயனுடையது. மேற்கண்ட கணக்கின்படி, பன்னிரண்டு பாகை அட்சரேகையில் மாலைப் பிறையின் வடகோடு பொதுவாக மே மாத இறுதி முதல் சனவரி வரை உயர்ந்திருக்கிறது. தென்கோடு உயரும் காலம் சனவரி இறுதி முதல் மே நடுப்பகுதி வரை மட்டுமே. திருவண்ணாமலை மாவட்டம் தென்மேற்குப் பருவமழையையும் வடகிழக்குப் பருவமழையையும் பெறுவது ஏறத்தாழ முதற்பகுதியில். ஏரிகள் வற்றி நிலம் வெடிக்கும் கோடை அமைவது பிற்பகுதியில். ஏரிப் பாசனத்தையும் மானாவாரி மல்லாட்டை எனும் நிலக்கடலையையும் நம்பி வாழ்ந்த உழவர், வடகோடு உயர்ந்த மாதங்களில் மழையையும் தென்கோடு உயர்ந்த மாதங்களில் வறட்சியையும் தலைமுறை தலைமுறையாகக் கண்டு, இரண்டையும் காரணமும் விளைவுமாக இணைத்திருக்க இடமுண்டு. அவர்களின் கண் பொய் சொல்லவில்லை. மழையும் பிறையின் சாய்வும் ஒரே பருவச் சுழற்சியின் இரு வேறு விளைவுகள் என்பதே உண்மை. ஆதலால் பருவத்துக்குரிய சாய்விலிருந்து ஓர் ஆண்டின் பிறை மாறுபட்டுத் தெரியும்போது, அது ராகு நின்ற இடத்தைச் சொல்லுமேயன்றி, அவ்வாண்டின் மழையைச் சொல்லாது. 2029ஆம் ஆண்டுப் பங்குனியில் தென்கோடு உயர்ந்து நிற்பதைக் கண்டு எவரும் பஞ்சத்தை அஞ்ச வேண்டியதில்லை.

ஊர் மாறினால் பிறையும் மாறும் என்பதைப் புலம்பெயர்ந்த தமிழர் நன்கு அறிவர். யாழ்ப்பாணம் பத்து பாகைக்குச் சற்றே குறைவான அட்சரேகையில் உள்ளதால் அங்குள்ள பிறை கீழ்பென்னாத்தூர்ப் பிறையிலிருந்து பெரிதும் வேறுபடாது. நடுக்கோட்டை ஒட்டிய சிங்கப்பூரில் பங்குனியில் தென்கோடும் புரட்டாசியில் வடகோடும் ஏறக்குறைய சம அளவில், இருபதுக்கும் சற்று மேற்பட்ட பாகை உயரும். இலண்டனில் செப்டம்பர்ப் பிறை 75 பாகை சாய்ந்து, ஏறக்குறைய நிமிர்ந்தே நிற்கிறது. மார்ச்சு மாதத்திலும் அது 28 பாகைச் சாய்வை இழப்பதில்லை. சிட்னியில் ஆண்டு முழுவதும் மாலைப் பிறை எதிர்ப்பக்கமே சாய்கிறது. பிறை முற்றிலும் மல்லாந்து கிடக்கும் காட்சி, கடகரேகைக்கும் மகரரேகைக்கும் இடைப்பட்ட நாடுகளிலும் அவற்றை ஒட்டிய பகுதிகளிலும் வாழ்வோர்க்கே எளிதில் வாய்க்கிறது. ஐரோப்பிய ஓவியங்களிலும் குழந்தைகளுக்கான பட நூல்களிலும் செங்குத்தாக வரையப்படும் பிறை அந்நாட்டு வானுக்கு உண்மையானது. தமிழ்நாட்டு வானுக்கு அன்று.

ஓரிரவுக்குள் நிகழும் மாற்றமும் இங்கே குறிப்பிடத்தக்கது. வளர்பிறை அட்டமியன்று நண்பகலை ஒட்டிக் கிழக்கே எழும் அரைநிலவின் ஒளிப்பக்கம் மேல்நோக்கியிருக்கும்; நள்ளிரவை ஒட்டி மேற்கே மறைகையில் அதே ஒளிப்பக்கம் கீழ்நோக்கியிருக்கும். நிலவின் முகத்தில் தெரியும் முயல் வடிவக் கறையும் இவ்வாறே எழும்போது ஒரு நிலையிலும் விழும்போது மற்றொரு நிலையிலும் காணப்படுகிறது. கீழ்பென்னாத்தூரில் நிலவு ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே கடந்து செல்வதால், அந்நாள்களில் இந்தத் திருப்பம் உச்சியை ஒட்டிய சிறு பொழுதுக்குள் நிகழ்ந்துவிடுகிறது. திரும்புவது நிலவு அன்று. கிழக்கு நோக்கிப் பார்த்தவர் மேற்கு நோக்கித் திரும்ப நேர்கிறது.

கூர்ந்து நோக்குவோரைக் குழப்பும் ஒரு தோற்றமும் உண்டு. ஏகாதசியை ஒட்டிய மாலையில், சூரியன் மேற்கே தாழ்ந்தும் நிலவு கிழக்குப் பக்கம் உயர்ந்தும் இருக்கும் வேளையில், நிலவின் ஒளிப்பக்கம் சூரியனை நோக்காமல் அதற்கு மேலே எங்கோ வானை நோக்குவதுபோல் தெரியும். மேலே கூறிய விதி பொய்த்துவிட்டதோ என்ற ஐயம் இதனால் எழலாம். ஒரு நூலை இரு கைகளிலும் பிடித்து இறுக்கி, ஒரு முனை நிலவின் மேலும் மறுமுனை சூரியன் இருக்கும் இடத்தின் மேலும் படுமாறு கண்முன் நீட்டினால், நூல் நிலவின் ஒளிப்பக்கத்திலிருந்து நேராகவே புறப்படுவதைக் காணலாம். அப்போது சூரியனை உற்று நோக்காமல், அது அடிவானத்தில் மறையும் தறுவாயிலோ மறைந்த பின்னரோ செய்வதே கண்ணுக்குப் பாதுகாப்பு. வானின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை செல்லும் நேர்க்கோட்டை, அடிவானத்தோடு ஒப்பிட்டுக் கண் வளைந்ததாகக் கொள்வதே அந்தக் குழப்பத்தின் காரணம்.

இவற்றைச் சரிபார்க்கத் தொலைநோக்கி தேவையில்லை. இதே மாவட்டத்தை ஒட்டிய சவ்வாது மலையின் காவலூரில், 2.34 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி அமைந்துள்ளது. அவ்வானாய்வகத்தின் அட்சரேகை கீழ்பென்னாத்தூரினின்றும் அரைப் பாகைகூட வேறுபடாததால், அங்கும் இங்கும் பிறை ஒன்றுபோலவே சாய்கிறது. ஆனால் பிறையின் சாய்வை அளக்க வெறும் கண்ணும், கோணமானியும், மேற்கு அடிவானம் மறையாத ஒரு வெளியும் போதும். கீழ்பென்னாத்தூர் வட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் மாணவரைக் கொண்டு மாதந்தோறும் மூன்றாம் பிறை மாலையில் எந்தக் கோடு எத்தனை பாகை உயர்ந்துள்ளது என்று குறிக்கச் செய்து, 2029 வரை அக்குறிப்பேட்டைத் தொடர வேண்டும். வகுப்பறைக் கரும்பலகையில் பிறையை வரையும்போதும், வேற்று நாட்டுப் பட நூலின் நிமிர்ந்த பிறையை விடுத்து, தங்கள் ஊர் வானில் அந்த மாதம் தெரியும் பிறையையே வரைய வேண்டும்.